காகமா, அண்டங்காக்கையா, ரேவனா? – பறவை கேள்வி பதில்

காகத்தைப் பற்றியும், காக்கைக் குடும்பத்தில் பெரிய கறுப்புப் பறவையான ரேவனைப் (raven) பற்றியும் உள்ளூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே உள்ள செல்போன் கோபுரத்தில் குளிர்காலம் முழுக்க இரண்டு பெரிய கறுப்புப் பறவைகள் உட்கார்ந்திருக்கின்றன. வீட்டுக்காரர் காகம் என்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் ரேவன் என்கிறார். எப்படித் தீர்மானிப்பது?
– வாசகி, ஸ்காபரோ, கனடா

அளவை முதலில் ஒதுக்கி வையுங்கள். கணக்கில் பார்த்தால் வித்தியாசம் பெரியதுதான். உங்கள் ஊர் அமெரிக்கக் காகம் அரை கிலோ அளவில்தான் இருக்கும். ரேவன் ஒரு கிலோவைத் தாண்டும். இறக்கையை விரித்தால் காகம் ஒரு மீட்டருக்குள் அடங்கும், ரேவனுக்கு 1.2 மீட்டர் வரும். ஆனால் வெறும் வானத்தில் தனியாகப் பறக்கும் பறவையை எதோடு ஒப்பிடுவீர்கள்? பெரும்பாலானவர்கள் தவறு செய்வது இங்கேதான். பக்கத்தில் ஒரு செவ்வால் பருந்து பறந்தால் மட்டும் அளவை நம்பலாம். ரேவன் ஏறக்குறைய அந்தப் பருந்தின் அளவு இருக்கும், காகம் தெளிவாகச் சிறியது.

பறக்கும்போது வாலைப் பாருங்கள். காகத்தின் வால் இறகுகள் கிட்டத்தட்ட ஒரே நீளம். அதனால் விரித்தால் விசிறி வடிவம் வரும். ரேவனுக்கு நடு இறகுகள் நீளம், ஓரத்துக்குப் போகப் போகக் குட்டை. விரித்தால் ஆப்பு வடிவம். மூடிய வாலில் இது தெரியாது. பறவை திரும்பும்போதும் வேகத்தைக் குறைக்கும்போதும்தான் வால் விரியும், அந்த நொடிக்காகக் காத்திருக்க வேண்டும். தலைக்கு மேலே போகும்போது செல்போனில் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்து, வால் விரிந்த படத்தைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வானம் வெளிச்சமாக இருப்பதால் பறவை வெறும் நிழலாக விழும், வடிவத்தைப் பார்க்க அது போதும்.

இறக்கை நுனியில் விரல் போலப் பிரியும் இறகுகள் காகத்துக்கு ஐந்து, ரேவனுக்கு எடுப்பாகத் தெரிவது நான்கு. ரேவனின் தலையும் அலகும் முன்பக்கம் நன்றாக நீண்டு தெரியும். பறக்கும் விதமும் வேறு. காகம் இறக்கையை அடித்துக்கொண்டே போகும், இடையில் இரண்டு மூன்று நொடி மிதந்தால் அதிகம். ரேவன் பருந்து மாதிரி வட்டமிட்டு நெடுநேரம் மிதக்கும். அது தாழப் பறந்தால் இறக்கை காற்றை வெட்டும் ஓசைகூடக் கேட்கும்.

உட்கார்ந்திருந்தால் அலகும் தொண்டையும்தான் சாட்சி. ரேவனின் அலகு தடித்து, மேல்பாகம் வளைந்து இறங்கும். மூக்குத் துவாரத்தை மூடும் மயிர் போன்ற இறகுகள் அலகின் மேல்புறத்தில் பாதி தூரம் வரை வந்திருக்கும், காகத்துக்கு அவ்வளவு வராது. ரேவன் கத்தும்போது தொண்டை இறகுகள் தாடி போலச் சிலிர்த்து நிற்கும். காகத்தின் தொண்டை வழவழப்பாகவே இருக்கும்.

எல்லாவற்றையும்விட நம்பகமானது குரல். காகம் ‘கா, கா’ என்று திறந்த தொண்டையில் கத்தும். ரேவனின் குரல் அடித்தொண்டையிலிருந்து ‘க்ர்ரோக்… க்ர்ரோக்’ என்று உருண்டு வரும். கட்டையைத் தட்டுவது போன்ற ‘டொக் டொக் டொக்’ ஒலியும் அதற்கு உண்டு. ஆனால் ஒரே ஒரு சத்தத்தைக் கேட்டு முடிவு கட்டாதீர்கள். ரேவனின் குரல் வகைகள் ஏராளம், பசித்துக் கத்தும் குஞ்சுகளும் குழப்பும். அரை நிமிடமாவது பதிவு செய்யுங்கள். பறவையின் குரலைக் கேட்டு இனத்தைச் சொல்லும் மெர்லின் செயலி உதவும், ஆனால் அது சொல்வதையும் வால் படத்தோடு சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வால், அலகு–தொண்டை, குரல் ஆகிய மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் தயங்காமல் பெயரை எழுதலாம்.

உங்கள் ஜோடியைப் பற்றி ஒரு ஊகம். அமெரிக்கக் காகங்கள் குளிர்காலத்தில் பெரும் கூட்டமாகத் திரிந்து, ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் அடையும். குளிர் முழுக்க இரண்டே பறவைகள், அதுவும் உயரமான கோபுரத்தில் என்றால் ரேவனாக இருக்க வாய்ப்பு அதிகம். முன்பு ஒன்டாரியோவின் வடக்குக் காடுகளில்தான் ரேவன் என்பார்கள். இப்போது அது தெற்கே பரவி, டொராண்டோ பக்கமும் கூடு கட்டுகிறது. மார்ச் மாதத்தில் கோபுரத்தின் குறுக்குக் கம்பிகளில் பெரிய சுள்ளிக்கூடு எழும்புகிறதா என்று பாருங்கள். ரேவன் காகத்தை முந்திக்கொண்டு, பனி கரையும் முன்பே கூட்டு வேலையைத் தொடங்கிவிடும்.

ஆகஸ்டில் பார்த்த பறவைக்கு வால் ஆப்பு வடிவம், ஆனால் கத்தியது சுத்தமாக ‘கா கா’. எதை நம்புவது?
– வாசகர், மிசிசாகா, கனடா

குரலை நம்புங்கள், அது காகம். கோடையின் பிற்பாதி இறகு உதிர்க்கும் காலம். வாலின் ஓர இறகுகள் விழுந்து புதியவை பாதி வளர்ந்திருக்கும் நேரத்தில், நடு இறகுகள் மட்டும் நீளமாகத் தெரியும். அப்போது காகத்தின் வாலும் ஆப்பு போலத் தோன்றும். ஜூலை முதல் செப்டம்பர் வரை வாலை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். இறக்கையிலும் இடைவெளிகள் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இறகு உதிர்ப்புதான் காரணம். இதேபோல கடுங்குளிரில் காகம் உடம்பை உப்பிக்கொள்ளும்போது தொண்டை சிலிர்த்தது போலத் தெரியும். அதையும் தாடி என்று எண்ணிவிடக் கூடாது.

அண்டங்காக்கைதான் ரேவனா? வால்பாறையில் முழுக் கறுப்பாக, தடித்த அலகோடு பார்க்கிறோமே!
– ஆசிரியர் ஒருவர், பொள்ளாச்சி

இல்லை. வால்பாறையில் நீங்கள் பார்ப்பது அண்டங்காக்கை, அது காக்கையில் இன்னொரு இனம். தமிழ்நாட்டில் ரேவன் கிடையாது. இங்கே இருப்பவை இரண்டு: கழுத்தில் சாம்பல் பட்டை கொண்ட வீட்டுக் காகம், முழுக்கக் கறுத்த அண்டங்காக்கை.

இந்த இரண்டைப் பிரிப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டுக் காகத்தின் கழுத்துச் சாம்பல் இந்தியா முழுக்க ஒரே அளவு வெளிறியது கிடையாது. வடமேற்கில் கிட்டத்தட்ட வெண்சாம்பல், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கருஞ்சாம்பல். சாயங்கால வெளிச்சத்தில் நம் ஊர்க் காகம் முழுக்கறுப்பாகவே தெரியும். அப்போது அலகைப் பாருங்கள். அண்டங்காக்கையின் அலகு கனத்தது, மேல்பாகம் நன்றாக வளைந்தது, நெற்றி அலகிலிருந்து செங்குத்தாக எழும். வீட்டுக் காகம் 40 செ.மீ.யை ஒட்டி ஒல்லியாக இருக்கும், அண்டங்காக்கை அதைவிட ஒரு சுற்றுப் பெரியது. குரலும் கட்டையானது, கரகரப்பானது.

இடமும் துப்பு கொடுக்கும். வீட்டுக் காகம் மனிதர் இருக்கும் இடத்தை விட்டுப் பிரியாது. காட்டுக்குள் போகப் போக அது மறைந்து அண்டங்காக்கை மட்டும் மிஞ்சும். நீலகிரி, கொடைக்கானல் உயரங்களில் அதிகம் கண்ணில் படுவதும் இதுதான். புலியோ சிறுத்தையோ அடித்துப் போட்ட இரை எங்கே கிடக்கிறது என்பதை, அண்டங்காக்கைகள் கூடிக் கத்துவதை வைத்தே காட்டில் பழகியவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

இந்தியாவில் ரேவனைப் பார்க்க ஆசைப்பட்டால் குளிர்காலத்தில் ராஜஸ்தானின் பிகானேர், ஜெய்சல்மேர் பக்கம் போகலாம். மாட்டு எலும்பும் பிணமும் கொட்டும் வெட்டவெளிகளில் கழுகுகளோடு நிற்கும். அல்லது லடாக். இமயத்தின் உயர்வெளிகளில் இருப்பது ரேவனிலேயே மிகப் பெரிய வகைகளில் ஒன்று. லடாக்கில் சிவந்த காலும் சிவந்த மெல்லிய அலகும் கொண்ட இன்னொரு கறுப்புப் பறவை கூட்டமாகப் பறக்கும். அது காக்கைக் குடும்பத்து உறவுதான், ரேவன் கிடையாது. காலைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ரேவன் வானத்தில் தலைகீழாகப் பறக்கிறது என்று படித்தேன். உண்மையா? எதற்காக?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

உண்மை. மலைச்சரிவில் காற்று மேலே எழும் இடங்களில் அழகாகப் பார்க்கலாம். மிதந்துகொண்டே வரும் ரேவன் ஒரு இறக்கையைச் சட்டென்று மடக்கி, அரைச் சுற்று உருண்டு, வயிறு வானத்தைப் பார்க்க ஒரு நொடி கிடக்கும். பிறகு வந்த வழியே உருண்டு நேராகும், பெரும்பாலும் அதே நொடியில் ஒரு சத்தமும் போடும். ஜோடி சேரும் பருவத்தில் இது அதிகம். ஆனால் வருடம் முழுக்க, தனியாக இருக்கும்போதும் செய்யும். சுள்ளியை வானத்தில் விட்டுவிட்டுக் கீழே பாய்ந்து பிடிப்பதும், பனிச்சரிவில் மல்லாந்து சறுக்குவதும் பதிவாகியிருக்கின்றன. விளையாட்டு என்று சொல்வதில் தவறே இல்லை.

தரையிலும் ரேவனிடம் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அது இறைச்சியை விழுங்காமல் நாக்குக்கு அடியில் உள்ள பையில் அடக்கிக்கொள்ளும், தொண்டை புடைத்திருப்பது வெளியே தெரியும். பிறகு ஒளித்துவைக்க இடம் தேடும். மற்றொரு ரேவன் பார்த்துக்கொண்டிருந்தால் ஒளிக்காது. பாறைக்குப் பின்னால் போகும், காத்திருக்கும், சில சமயம் ஒரு குழியில் அலகை நுழைத்து வைப்பது போலப் பாவனை செய்துவிட்டு உணவை வேறு இடத்துக்குக் கொண்டுபோகும். பார்ப்பவர் கண் எங்கே இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் இதில் வியப்பு.

இன்னொன்று. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காடுகளில் 1980களில் பெர்ண்ட் ஹைன்ரிக் என்ற விஞ்ஞானி ஒரு புதிரை எடுத்துக்கொண்டார். செத்த விலங்கைக் கண்டால் ரேவன் ஏன் உரக்கக் கத்தி மற்றவற்றைக் கூப்பிடுகிறது? உணவைத் தனியாகத் தின்றால் லாபம்தானே? விடை இது: அந்தப் பகுதிக்குச் சொந்தமான ஜோடி, தன் எல்லையில் கிடக்கும் இரையிலிருந்து இளம் ரேவன்களை விரட்டிவிடும். தனியாக வந்த இளசுக்கு ஒரு கவளம்கூடக் கிடைக்காது. பத்துப் பன்னிரண்டு இளசுகள் சேர்ந்து வந்தால் ஜோடியால் தடுக்க முடியாது. கூப்பிடுவதில் கூப்பிட்டவருக்கே ஆதாயம்.

இரண்டு காகங்கள் தம்மைவிடப் பெரிய ரேவனைத் துரத்திக் கொத்தின. பெரியது ஏன் திருப்பித் தாக்கவில்லை?
– வாசகர், எட்மண்டன், கனடா

ரேவன் காகத்தின் முட்டையையும் குஞ்சையும் தின்னும், அதனால்தான் துரத்தல். பறவை ஆர்வலர்கள் பதிந்த குறிப்புகளை வைத்து 2018இல் வந்த ஓர் ஆய்வில், காகம்–ரேவன் மோதல்களில் 97 சதவீதம் காகமே தொடுத்தது என்று தெரிந்தது. ஒண்டிக்கு ஒண்டி என்றால் ரேவன் ஜெயிக்கும். ஆனால் காகங்கள் மேலேயிருந்து, முதுகுப் பக்கமாக, இரண்டு மூன்றாகப் பாயும். உடல் சிறிதென்பதால் வேகமாகத் திரும்பவும் முடியும். இதுவே உங்களுக்கு நல்ல வாய்ப்பு: இரண்டு இனமும் ஒரே காட்சியில் கிடைக்கும்போது அளவு, வால், அலகு எல்லாவற்றையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுக் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம். நம் ஊரில் இதே வேலையைக் கரிச்சான் காகத்துக்குச் செய்கிறது. கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன இரட்டைவால் குருவி, தன் கூட்டுப் பக்கம் காகம் வந்தால் தலைக்கு மேலேயே போய்க் கொத்தும்.

அமாவாசைக்கு மட்டும் வைக்காமல் தினமும் காகத்துக்குச் சோறு வைக்க ஆசை. என்ன, எவ்வளவு, எப்படி வைக்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

தினமும் ஒரு கைப்பிடி போதும். காகம் தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும், நீங்கள் வைப்பது உபரிதான். உப்பு போடாத சோறு, மசித்த பருப்பு, வேகவைத்த முட்டைத் துண்டு, வறுக்காத நிலக்கடலை நல்லது. ஊறுகாய், மிக்சர், சிப்ஸ், பூசணம் பிடித்த ரொட்டி வேண்டாம். பிளாஸ்டிக் தாளில் வைக்கவே கூடாது, தாளையும் சேர்த்துக் கிழித்துத் தின்னும். இலையோ மண்தட்டோ போதும்.

பெரும்பாலான வீடுகளில் கெடுவது அளவில்தான். ஒரு தட்டு நிறைய வைத்தால் பாதி மிஞ்சும், வெயிலில் புளிக்கும், இரவு எலி வரும், பக்கத்து வீட்டுக்காரர் கோபிப்பார். கால் மணி நேரத்தில் தீரும் அளவுக்கு வையுங்கள், மிச்சத்தை எடுத்துவிடுங்கள். ஒரே நேரம், ஒரே இடம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் போலத் தெருநாய் எட்டாத உயரம். சோற்றைவிடத் தண்ணீர் முக்கியம், அதுவும் சித்திரை வெயிலில். நான்கைந்து செ.மீ. ஆழமுள்ள அகன்ற மண்சட்டி, தினமும் கழுவி மாற்ற வேண்டும்.

தண்ணீர் வைத்தால் ஒரு காட்சி நிச்சயம். காய்ந்த சப்பாத்தித் துண்டை எடுத்துவரும் காகம், சட்டியில் போட்டு, அலகால் ஒருமுறை புரட்டி, மெத்தென்று ஆனதும்தான் தின்னும். அவசரப்படும் இளங்காகம் ஊறுவதற்கு முன்பே இழுத்து விழுங்கப் பார்த்துத் திணறும். இன்னும் பாருங்கள்: வயிறு நிறைந்த காகம் ஒரு கவளத்தை ஓட்டு இடுக்கிலோ பூந்தொட்டியிலோ செருகி, மேலே ஒரு சருகை எடுத்து மூடிவிட்டுப் போகும். ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று தலையைக் குனிந்து கழுத்தைக் காட்ட, மற்றது இறகைக் கோதும்.

கவனிக்கும்போது உற்றுப் பார்க்காதீர்கள், நம் கண் எந்தப் பக்கம் என்பதை அவை கவனிக்கும். கதவுக்குள்ளிருந்து, முகத்தைச் சற்றுத் திருப்பியபடி இருபது நிமிடம் அமர்ந்தால் போதும்.

பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு வேப்பமரத்துக் காகம் என் மகனை மட்டும் தலையில் கொத்துகிறது. முகத்தை ஞாபகம் வைத்திருக்குமா?
– வாசகர், திருச்சி

வைத்திருக்கும். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் குழு 2006இல் ஒரு குறிப்பிட்ட முகமூடியை அணிந்து காகங்களைப் பிடித்து, வளையம் மாட்டி விட்டது. அதன் பிறகு அந்த முகமூடி அணிந்து யார் நடந்தாலும் காகங்கள் சூழ்ந்து திட்டின. வேறு முகமூடிக்கு அப்படிச் செய்யவில்லை. பிடிபடாத காகங்களும் மற்றவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டன, வருடங்கள் கழித்தும் அது மறையவில்லை.

உங்கள் மகன் ஒருவேளை கூட்டைப் பார்த்துக் கல் எறிந்திருக்கலாம், அல்லது குஞ்சு இருந்த இடத்தில் நின்றிருக்கலாம். தமிழ்நாட்டில் வீட்டுக் காகம் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூலை வரை கூடு கட்டும். குஞ்சு பறக்க மூன்று, நான்கு வாரம் ஆகும், தாக்குதல் அதற்குமேல் அதிக நாள் நீடிக்காது. அதுவரை குடை பிடிக்கச் சொல்லுங்கள். காகம் எப்போதும் பின்பக்கமாகத்தான் வரும், எனவே மரத்தைத் தாண்டும்போது திரும்பி அதைப் பார்த்தபடி நடந்தால் பாயாது. கையை வீசுவது, கத்துவது, கல்லை எடுப்பது எல்லாம் பகையை அடுத்த வருடத்துக்கும் நீட்டிவிடும்.

சிட்னியில் காகம் குழந்தை அழுவது போல இழுத்து இழுத்துக் கத்துகிறது. என்ன இனம்?
– வாசகி, சிட்னி

ஆஸ்திரேலிய ரேவன். கடைசிக் குரலை நீட்டிக் கீழிறக்குவது அதன் அடையாளம். கண் வெள்ளையாக இருக்கிறதா, தொண்டையில் நீண்ட இறகுகள் தொங்குகின்றனவா என்று பாருங்கள். மேலே கனடாவுக்குச் சொன்ன வால் கணக்கு அங்கே செல்லாது. ஆஸ்திரேலியாவில் ரேவன், காகம் என்று சொல்லப்படுபவை எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவு, குரலும் இடமும்தான் பிரிக்கும். மெல்போர்னுக்குப் போனால் அங்கே சின்ன ரேவன் உண்டு. ஒவ்வொரு முறை கத்தும்போதும் இரண்டு இறக்கையையும் வெடுக்கென்று மேலே அசைக்கும்.

மலேசியாவில் காகம் எப்படி வந்தது? இது நம் ஊர்க் காகம்தானே?
– வாசகர், கிள்ளான்

நம் ஊர்க் காகமேதான். 1890களில் காப்பித் தோட்டங்களில் புழுக்களை அழிக்கும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். புழுக்களைவிடக் குப்பை சுலபமாகக் கிடைத்ததால் நகரங்களில் பெருகிவிட்டது. அங்கே இயற்கையாகவே உள்ள பெரிய அலகுக் காக்கை வேறு. கழுத்தில் சாம்பல் இல்லாமல், கனத்த அலகோடு இருந்தால் அது.

மரத்திலிருந்து காகக் குஞ்சு விழுந்துவிட்டது. வீட்டுக்கு எடுத்துவந்து வளர்க்கலாமா?
– வாசகி, மதுரை

வேண்டாம். முதலில் இறகைப் பாருங்கள். உடம்பு முழுக்க இறகு, குட்டை வால், நீலச்சாம்பல் கண், வாயோரத்தில் இளஞ்சிவப்பு, தத்தித் தத்தி நடக்கிறது என்றால் அது பறக்கப் பழகும் பருவம், விழுந்ததாகவே கொள்ள வேண்டாம். பெற்றோர் பக்கத்தில்தான் இருக்கும், தரையிலேயே ஊட்டும். பூனை, நாய் எட்டாத தாழ்ந்த கிளையிலோ மதிலிலோ தூக்கி வைத்துவிட்டு முப்பது மீட்டர் தள்ளிப் போய்விடுங்கள். நீங்கள் நின்றுகொண்டிருக்கும்வரை அவை இறங்காது.

இறகு முளைக்காத குஞ்சு என்றால் கூட்டிலேயே திருப்பி வைக்க வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்பது தவறான நம்பிக்கை. கூடே சிதைந்திருந்தால், அடியில் ஓட்டையுள்ள சிறு கூடையில் தேங்காய் நாரைப் பரப்பிக் குஞ்சை வைத்து, அதே மரத்தில் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். ஏறுபவர் ஹெல்மெட் போட்டுக்கொள்வது நல்லது, பெற்றோர் கட்டாயம் பாயும். வாயில் தண்ணீரோ பாலோ ஊற்றவே கூடாது. மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். இறக்கை தொங்கினாலோ ரத்தம் தெரிந்தாலோ, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து, மூடி, இருட்டாக வைத்துக் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.